புது கெர்னல், பழைய ஹெடர் கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் லினக்ஸ் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஓடுகிற மெஷினைக் கலைக்க மாட்டார்கள். பனியன் கம்பெனியின் பில்லிங் சர்வரோ, கணபதி பட்டறையில் லேத்தோடு பூட்டிய பிசியோ, என்றைக்கோ போட்ட உபுண்டுவோடு வருடக்கணக்கில் ஓடும். புதிதாக மதர்போர்டோ நெட்வொர்க் கார்டோ மாட்ட வேண்டி வந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மட்டும் ஏற்றிக்கொள்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அப்புறம் ஒரு சி புரோகிராமைக் கம்பைல் செய்யும்போதோ டிரைவர் ஒன்றைக் கட்டும்போதோ கெர்னல் ஒரு எண் சொல்லும், ஹெடர் (கம்பைல் செய்யும்போது சேர்த்துக்கொள்கிற அறிவிப்புக் கோப்பு) வேறு எண் சொல்லும். அங்கே கிளம்புகிற கேள்விகள்தான் இவை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு 22.04 போட்டிருக்கேனுங்க. யூநேம் அடித்தால் ஓடுகிற கெர்னலின் எண் 6.8 என்று வருகிறது. ஹெடர்களைக் கொண்ட லினக்ஸ்-லிப்சி-டெவ் பேக்கேஜ் மட்டும் 5.15-லேயே நிற்கிறது. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். 22.04 வெளிவந்தபோது அதன் கெர்னல் 5.15, ஜிலிப்சி (புரோகிராம்கள் பயன்படுத்துகிற அடிப்படை சி லைப்ரரி) 2.35. பிற்பாடு புது ஹார்டுவேருக்காக ஹெச்டபிள்யூஇ வரிசையில் 5.19, 6.2, 6.5, 6.8 என்று கெர்னல் ஏறியது. ஜிலிப்சி 2.35-ஐ விட்டு நகரவில்லை. அதனால் அதோடு வந்த ஹெடர்களும் நகரவில்லை. டெபியனில் பேக்போர்ட்ஸ் (பழைய வெளியீட்டுக்கென்று கட்டித் தருகிற புதுப் பதிப்பு) கெர்னல் மட்டும் போட்டுக்கொண்டாலும் இதே காட்சிதான்.

கெர்னல் ஹெடர் என்றால் கெர்னலோடுதானே போக வேண்டும்? ஜிலிப்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

குழப்பம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் என்ற அடைவில் இருப்பவை கெர்னல் சோர்ஸிலிருந்து எடுத்தவைதான். ஆனால் அவை ஓடுகிற கெர்னலுக்காக அங்கே இல்லை. சி லைப்ரரியான ஜிலிப்சியைக் கட்டும்போது எந்த ஹெடர்களைப் பார்த்துக் கட்டினார்களோ, அவைதான் அங்கே இருக்கின்றன. நம் புரோகிராமும் ஜிலிப்சியும் ஒரு ஸ்ட்ரக்சரை (பல தகவல்களை ஒன்றாகக் கட்டிய தரவை) கைமாற்றிக்கொள்ளும்போது, அதன் அளவும் உள்ளே இருக்கிற வரிசையும் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே புரியும்: பாடி ஒரு பேட்டர்ன் அட்டையில் வெட்டித் தைத்தாகிவிட்டது, கையை மட்டும் புது அட்டையில் வெட்டினால் அக்குளில் பொருந்தாது. புது அட்டை நல்ல அட்டையாகவே இருக்கலாம், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000 ஜூலையிலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். தன் மெஷினில் 2.2.13 கெர்னலின் ஹெடர்கள்தான் இருக்கின்றன, அந்தக் கெர்னலை ஓட்டி வெகு காலமாகிறது, ஆனாலும் ஜிலிப்சி அதை வைத்துக் கட்டப்பட்டதால் அதுதான் சரி என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தக் காலத்தில் பலரும் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் என்பதை கெர்னல் சோர்ஸுக்கு ஒரு சிம்லிங்க்காக (வேறு இடத்தைக் காட்டுகிற சுட்டியாக) வைத்திருந்தார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் அவர் எழுதினார். பழைய ஹவ்-டூ பக்கங்களைத் தேடிப் படிக்கிற மாணவர்கள் இன்றைக்கும் அந்த சிம்லிங்க்கைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.

பிறகு நிலைமை சீரானது. 2006-இல் வந்த 2.6.18 கெர்னலில், வெளிப் புரோகிராம்களுக்குத் தேவையான பகுதியை மட்டும் சுத்தம் செய்து எடுத்துத் தரும் "மேக் ஹெடர்ஸ்_இன்ஸ்டால்" வந்தது. 2012 கடைசியில் வந்த 3.7-இல் அந்தப் பகுதியை யூஏபிஐ என்ற தனி அடைவுக்கே பிரித்துவிட்டார்கள். நம் மெஷினுக்கு பேக்கேஜாக வருவது அந்தச் சுத்தம் செய்த பகுதி.

சரி, பழைய ஹெடரை வைத்துக் கம்பைல் செய்த புரோகிராம் புது கெர்னலில் எப்படித் தடுமாறாமல் ஓடுகிறது?

கெர்னலை அழைக்கிற சிஸ்டம் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. 64-பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் ரீட் என்பது 0, ரைட் என்பது 1. கெர்னல் எத்தனை தடவை மாறினாலும் அந்த எண் மாறாது, அதன் அர்த்தமும் மாறாது. புது வசதிகள் வரிசையின் கடைசியில் சேரும்: 4.11-இல் ஸ்டாட்எக்ஸ் 332 ஆனது, 5.1-இல் ஐஓ_யூரிங்_செட்டப் 425, 5.6-இல் ஓப்பன்ஏட்2 437. பழைய ஹெடரில் இந்தப் பெயர்கள் இல்லை, அவ்வளவுதான். இருக்கிற பெயர்கள் எல்லாம் இன்றைக்கும் செல்லும். ஓடிக்கொண்டிருந்த புரோகிராமைக் கெர்னல் உடைக்கக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறார் என்பது ஊரறிந்தது.

விதிவிலக்கே கிடையாதா என்றால், உண்டு. சிஸ்கன்ட்ரோல் என்ற பழைய சிஸ்டம் காலை 5.5-இல் எடுத்துவிட்டார்கள், /புராக்/சிஸ் வழியே அதே வேலை நடக்கிறது என்பதால் யாரும் அழவில்லை. இன்னொரு விதிவிலக்கு டாக்கர் கேள்வியில் வருகிறது.

"லினக்ஸ்-ஹெடர்ஸ்" என்றும் ஒரு பேக்கேஜ் இருக்கிறதே. அதையும் பழையதாகவே விட்டுவிடலாமா?

கூடாது. இது வேறு சரக்கு.

லினக்ஸ்-லிப்சி-டெவ் என்பது மேலே சொன்னது: சாதாரண புரோகிராம்களுக்கானது, ஜிலிப்சியோடு போவது. ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கம் அதன் பெயர் கெர்னல்-ஹெடர்ஸ். ஆனால் உபுண்டு, டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ் என்று தொடங்கி கடைசியில் கெர்னல் எண்ணோடு வருவது டிரைவர் மாட்யூல் கட்டுவதற்கானது. ரெட்ஹேட் பக்கம் அதற்குப் பெயர் கெர்னல்-டெவல். இது ஓடுகிற கெர்னலோடு எண்ணுக்கு எண் பொருந்தியே ஆக வேண்டும். மாட்யூல் என்பது கெர்னலுக்குள்ளேயே போய் உட்காருவது. கெர்னலின் உள்சமாச்சாரங்கள் ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறும், அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

/லிப்/மாட்யூல்ஸ் அடைவுக்குள் உங்கள் கெர்னல் எண் கொண்ட அடைவில் "பில்டு" என்று ஒரு சிம்லிங்க் இருக்கும். அது உண்மையான ஓர் அடைவைக் காட்டினால் மாட்யூல் கட்டலாம். அந்த சிம்லிங்க்கே இல்லாவிட்டாலோ, எங்கேயும் போகாமல் தொங்கினாலோ அந்த எண்ணுக்கான லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லை என்று அர்த்தம். ஹெடர் பொருந்தவில்லை என்று புலம்பி வருகிற பத்து பேரில் பெரும்பாலானவர்களுக்கு இது ஒன்றுதான் பிரச்சினை. அவர்கள் கை வைத்துக்கொண்டிருப்பதோ /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டில்.

லினக்ஸ்-ஹெடர்ஸ் சரியாகத்தான் போட்டிருக்கேன். ஆனாலும் 22.04-இல் டிகேஎம்எஸ் மாட்யூல் கட்டாமல் நின்றுவிடுகிறது. ஏனுங்க?

கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கட்டித் தருகிற ஏற்பாடுதான் டிகேஎம்எஸ். /வார்/லிப்/டிகேஎம்எஸ் கீழே அந்த மாட்யூலின் பில்டு அடைவில் மேக்.லாக் என்று ஒரு கோப்பு இருக்கும், அதைத் திறங்கள். மேல் வரிகளிலேயே "ஜிசிசி: எரர்: அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன்" என்று தொடங்கி "எஃப்டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஸீரோ" என்று முடிகிற வரி இருக்கிறதா?

இருந்தால் ஹெடர்மேல் பழி போடாதீர்கள், இது கம்பைலர் விவகாரம். 22.04-இன் வழக்கமான கம்பைலர் ஜிசிசி 11. ஆனால் 6.5, 6.8 ஹெச்டபிள்யூஇ கெர்னல்களை ஜிசிசி 12-ஐ வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கெர்னலை எந்த ஆப்ஷன்களோடு கட்டினார்களோ அதே ஆப்ஷன்களோடு மாட்யூலையும் கட்டச் சொல்லும் பில்டு முறை. அந்த ஆப்ஷன் ஜிசிசி 12-இல்தான் வந்தது. 11-க்குத் தெரியாது, விழித்துக்கொண்டு நிற்கும். ஜிசிசி-12 பேக்கேஜைப் போட்டு, மாட்யூலை மறுபடி கட்டுங்கள். உங்கள் கெர்னலை எந்தக் கம்பைலர் கட்டியது என்று தெரிய /புராக்/வெர்ஷன் கோப்பைப் படித்தால் போதும், அந்த ஒரே வரியில் எழுதியிருக்கும்.

புரோகிராமுக்குள் கெர்னல் பதிப்பைப் பார்த்து முடிவெடுக்கிறேன். 6.8 ஓடும்போதும் அது 5.15 என்றே சொல்கிறது.

லினக்ஸ்_வெர்ஷன்_கோடு என்ற மேக்ரோவைப் பார்க்கிறீர்கள். அது லினக்ஸ்/வெர்ஷன்.ஹெச் கோப்பில் எழுதி வைத்த ஒரு எண், அவ்வளவே. கணக்கு எளிது: 5-ஐ 65536-ஆல் பெருக்கி, 15-ஐ 256-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் 331520. அதற்கு மேல் கடைசி எண்ணையும் கூட்டிக்கொள்வார்கள். 6.8 என்றால் 395264-இல் தொடங்கியிருக்கும். கம்பைல் செய்யும்போது எந்த ஹெடர் இருந்ததோ அதன் எண் புரோகிராமுக்குள் அப்படியே பதிந்துவிடும். அந்தப் புரோகிராமைத் தூக்கிக்கொண்டுபோய் கரூரில் வேறு மெஷினில் ஓட்டினாலும் அதே எண்தான்.

(கடைசி எண்ணுக்கு எட்டு பிட்தான் இடம், 255 வரைதான் போகும். 2021 பிப்ரவரியில் 4.9, 4.4 வரிசைகள் 256-ஐத் தொட்டபோது இதனால் சிக்கலாகி, 255-லேயே நிறுத்தி வைக்கும்படி கெர்னலைத் திருத்தினார்கள்.)

ஓடுகிற கெர்னலின் எண் வேண்டுமென்றால் யூநேம் சிஸ்டம் காலை அழைக்க வேண்டும். ஆனால் எண்ணை நம்பி முடிவெடுப்பதே எனக்குப் பிடிப்பதில்லை. ரெட்ஹேட் கெர்னல்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே புது வசதிகளை உள்ளே சேர்த்துக்கொள்கின்றன. 2011-இல் 2.6.39-க்கு அடுத்து 3.0 வந்தபோது, "2.6" என்று தொடங்கும் என எதிர்பார்த்த புரோகிராம்கள் தடுமாறின, அவற்றுக்காகவே செட்ஆர்ச் கட்டளையில் பழைய எண்ணைக் காட்டி ஏமாற்றுகிற ஆப்ஷன் ஒன்று இருக்கிறது. வசதி வேண்டுமா, அதை அழைத்துப் பாருங்கள். இல்லையென்றால் கெர்னல் 38-ஆம் பிழையைத் திருப்பித் தரும்: இநோசிஸ், "ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்". அதைப் பிடித்துக்கொண்டு பழைய வழிக்குப் போய்விடலாம்.

புது கெர்னலில் இருக்கிற வசதி எனக்கு வேண்டும், ஹெடரில் இல்லை. என்ன செய்வது?

முதலில் உண்மையிலேயே ஹெடரில் இல்லையா என்று பாருங்கள். 22.04-இல் பிஐடிஎஃப்டி_ஓப்பன் என்ற சிஸ்டம் காலை அழைத்தால் கம்பைலர் அப்படி ஒன்று தெரியாது என்று சொல்லும். உடனே "ஹெடர் பழசு" என்பார்கள். ஆனால் அது 5.3-லேயே வந்துவிட்டது, 5.15 ஹெடரில் எண் 434 பத்திரமாக இருக்கிறது. இல்லாதது ஜிலிப்சியின் உறைச் சார்பு (நமக்காகக் கெர்னலை அழைத்துத் தருகிற ஃபங்ஷன்), அது 2.36-இல்தான் சேர்ந்தது. ஜிலிப்சி இந்த விஷயத்தில் எப்போதுமே ஆற அமரத்தான் வரும். கெட்ரேண்டம் கெர்னலில் 2014-இல் வந்தது, ஜிலிப்சியில் 2017-இல். கெட்டிஐடி 2.4 கெர்னல் காலத்திலிருந்தே இருக்கிறது. அதற்கு ஜிலிப்சியில் இடம் கிடைக்க 2019 வரை ஆயிற்று. இப்படிப்பட்ட இடங்களில் சிஸ்கால் என்ற பொதுச் சார்பில் எண்ணைக் கொடுத்து அழைத்தால் வேலை முடிந்தது.

ஹெடரிலும் இல்லை என்றால் அடுத்த கட்டம். கேஷ்ஸ்டாட்டை எடுத்துக்கொள்வோம்: ஒரு கோப்பின் எத்தனை பக்கங்கள் மெமரி கேஷில் இருக்கின்றன என்று சொல்லும். 6.5-இல் வந்தது, எண் 451. உங்கள் கெர்னல் 6.8 என்பதால் அது ஓடும், 5.15 ஹெடரில் எண்ணும் இல்லை, ஸ்ட்ரக்சரும் இல்லை. உங்கள் சோர்ஸில் ஒரு சின்னக் கோப்பு வைத்து, "இஃப்என்டெஃப்" (ஏற்கெனவே வரையறுக்காவிட்டால் மட்டும்) போட்டு எண்ணை வரையறுங்கள், ஸ்ட்ரக்சரையும் கெர்னல் சோர்ஸின் யூஏபிஐ அடைவில் இருக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஹெடர் ஏறினால் இஃப்என்டெஃப் ஒதுங்கிக்கொள்ளும். ஸ்ட்ரக்சருக்கு அப்படி ஒதுங்கத் தெரியாது; அதனால் அதற்கு உங்கள் சொந்தப் பெயர் வைப்பது நல்லது.

ஒன்றிரண்டு இல்லை, நிறைய வேண்டும் என்றால் புது கெர்னல் சோர்ஸில் மேக் ஹெடர்ஸ்_இன்ஸ்டால் ஓட்டுங்கள். இன்ஸ்டால்_ஹெச்டிஆர்_பாத் என்பதற்கு உங்கள் புராஜெக்டின் உள்ளே ஓர் அடைவைக் கொடுங்கள். இதற்கு மெஷினில் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கிற கருவி) போட்டிருக்க வேண்டும். அந்த அடைவை அந்தப் புராஜெக்டுக்கு மட்டும் இன்க்ளூட் பாதையில் காட்டுங்கள். இது குறுக்கு வழி இல்லை: நெட்வொர்க் கருவியான ஐபிரூட்2, எமுலேட்டரான க்யூஎமு இரண்டுமே தங்களுக்கு வேண்டிய கெர்னல் ஹெடர்களின் நகலைத் தங்கள் சோர்ஸுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. மெஷினில் என்ன ஹெடர் இருக்கிறது என்று அவை கவலைப்படுவதில்லை.

இவ்வளவு எதற்கு, புது ஹெடரை /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டிலேயே போட்டுவிட்டால்?

கையால் போடாதீர்கள். பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாமல் நுழைந்த கோப்பு அடுத்த அப்டேட்டில் பாதி அழிந்து பாதி நிற்கும். அப்புறம் வருகிற பிழைகளுக்குக் காரணம் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

ஆனால் டோர்வால்ட்ஸ் அன்றைக்குச் சொன்ன அளவுக்கு இன்று ஆபத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூஏபிஐ பிரிந்த பிறகு ஹெடர்கள் ரொம்பவே ஒழுங்காகிவிட்டன. ஃபெடோராவில் ஒரே வெளியீட்டுக்குள்ளேயே கெர்னல்-ஹெடர்ஸ் ஏறிக்கொண்டே போகிறது, ஒன்றும் குடி முழுகுவதில்லை. வருகிற தொல்லை பெரும்பாலும் கம்பைல் செய்யும்போதே வரும். 5.2 ஹெடரில் எஸ்ஐஓசிஜிஸ்டாம்ப் என்ற பெயரை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினார்கள். பழைய க்யூஎமு சோர்ஸ் அதன்மேல் முட்டி நின்றது. பழைய சோர்ஸைக் கட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் புது ஹெடர் லாபத்தைவிட வேலையைத்தான் அதிகமாகக் கொடுக்கும்.

எங்க மெஷினில் கட்டிய புரோகிராம் பழைய கெர்னல் இருக்கிற இடத்தில் ஓடுமா?

தலைகீழ் கேள்வி. ஹெடர் புதிது என்பதால் மட்டும் பிரச்சினை வராது. புது சிஸ்டம் காலை அழைத்தால் இநோசிஸ் வரும், அதைச் சமாளித்திருந்தால் ஓடும். அதற்கு முன்பே ஜிலிப்சி தடுத்துவிடும். "ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்று திரையில் வந்தால் காரணம் கெர்னலும் இல்லை, ஹெடரும் இல்லை: கட்டிய இடத்து லைப்ரரி புதிது, ஓட்டுகிற இடத்து லைப்ரரி பழையது. வாடிக்கையாளர்களிடம் இருக்கிற மெஷின்களிலேயே பழையது எதுவோ, அதே டிஸ்ட்ரோவை ஒரு கன்டெய்னரில் வைத்து அங்கே கட்டுங்கள்.

டாக்கர் கன்டெய்னரில் இது எப்படி?

டாக்கர் வைத்திருக்கிற எல்லோரும் தெரியாமலே பழைய ஹெடரையும் புது கெர்னலையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள்; கன்டெய்னர் ஹோஸ்ட் மெஷினின் கெர்னலையே பயன்படுத்தும். ஹோஸ்ட் கெர்னல் 6.8, உள்ளே டெபியன் 10: ஜிலிப்சி 2.28, ஹெடர் 4.19. ஒரு சத்தமும் இல்லாமல் ஓடுகிறது.

முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான். சென்ட்ஓஎஸ் 6 இமேஜை இன்றைய ஹோஸ்டில் ஓட்டினால் உள்ளே ஷெல்லே திறக்காமல் 139 என்ற எக்ஸிட் கோடோடு செத்துவிடக்கூடும். அதன் ஜிலிப்சி 2.12, நேரம் கேட்க வீசிஸ்கால் என்ற நிலையான முகவரியை அழைக்கும். பாதுகாப்புக்காகப் பல புது கெர்னல்களில் அந்தக் கதவை அடைத்திருக்கிறார்கள். ஹோஸ்டின் பூட் வரியில் "வீசிஸ்கால்=எமுலேட்" சேர்த்தால் ஓடும். பழைய கணக்கு சாஃப்ட்வேரை இப்படி உயிரோடு வைத்திருக்கிற ஆபீஸ்கள் உண்டு.

லேத்துக்கு லினக்ஸ்சிஎன்சி போட்டிருக்கோம். ரியல்டைம் கெர்னலைப் புதிதாக்கினால் மறுபடி கம்பைல் பண்ணணுமா?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. யூஸ்பேஸ் வகை என்றால் அது ப்ரீஎம்ப்ட்-ஆர்டி (ரியல்டைம் வசதி சேர்த்த) கெர்னலின் மேல் சாதாரண புரோகிராமாக ஓடுகிறது. ஹெடர் பழையதாக இருந்தாலும் கவலையில்லை, மறுபடி கட்டவும் வேண்டாம். ஆர்டிஏஐ (இன்னொரு ரியல்டைம் அமைப்பு) வகை என்றால் அதில் கெர்னல் மாட்யூல்கள் உண்டு, அந்தக் கெர்னலுக்கென்றே கட்டியாக வேண்டும். ப்ரீஎம்ப்ட்-ஆர்டி 2024 நவம்பரில் வந்த 6.12-இல் முதன்மைக் கெர்னலோடு சேர்ந்துவிட்டது. புதிதாக அமைக்கிறவர்கள் யூஸ்பேஸ் பக்கம் போவதே நிம்மதி.

கெர்னல் மாற்றிய கையோடு ஜாபை ஏற்றிவிடாதீர்கள். லேட்டன்சி-டெஸ்ட்டை ஓட விட்டு, பக்கத்தில் வீடியோ ஓட்டி, பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி போட்டு, அதிகபட்ச ஜிட்டர் (நேரத் தடுமாற்றம்) எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஸ்டெப்பர் மோட்டாருக்கு நேராக பேரலல் போர்ட்டில் பல்ஸ் கொடுக்கிறவர்களுக்கு இந்த எண்தான் முக்கியம்.

எந்த இடத்திலுமே பழைய ஹெடர் நிஜமாகத் தொல்லை தராதா?

32-பிட் ஏஆர்எம் போர்டு வைத்திருக்கிறவர்களுக்குத் தரும். நிட்டிங் மெஷின் கவுண்டர், மோட்டார் கன்ட்ரோலர் என்று நம் பக்கம் அப்படிப்பட்ட போர்டுகள் எங்கெங்கோ பெட்டிக்குள் இருக்கின்றன. 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44-க்கு 32-பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும். கெர்னல் தன் பங்கை 5.6-க்குள் முடித்துவிட்டது. ஆனால் கெர்னலை மட்டும் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 64-பிட் நேரம் ஜிலிப்சி 2.34-இல்தான் இந்தப் போர்டுகளுக்கு வந்தது; அதோடு புரோகிராமை _டைம்_பிட்ஸ்=64, _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64 என்ற இரண்டையும் கொடுத்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அது பேசுகிற லைப்ரரிகளையும் சேர்த்துத்தான். பத்துப் பதினைந்து வருடம் ஓடும் என்று சொல்லி இன்றைக்கு விற்கிற பெட்டிக்கு இது இப்போதைய வேலை.

டிஸ்கில் இடம் பத்தலை. இந்த ஹெடர் பேக்கேஜ்களை எடுத்துவிடலாமா?

எடுத்துவிட்ட பழைய கெர்னல்களின் லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ்களைத் தாராளமாக நீக்கலாம். ஆப்ட் ஆட்டோரிமூவ் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். இப்போது ஓடுகிற கெர்னலுக்கு உரியதையும், சிக்கல் வந்தால் திரும்பிப் போக வைத்திருக்கிற இன்னொரு கெர்னலுக்கு உரியதையும் விட்டுவையுங்கள். லினக்ஸ்-லிப்சி-டெவ்வை நீக்கச் சொன்னால் ஆப்ட் கூடவே லிப்சி6-டெவ், பில்டு-எசென்ஷியல் என்று ஒரு பட்டியலையும் நீக்கப்போவதாகக் காட்டும். "ஒய்" அடிப்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்.